சொல்லாமல் குறைத்த ஒன்று

படம் எடுக்கும் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களில் மூன்று பேர் இந்த மாதத்தில் மட்டும் உங்கள் விலைப் பட்டியலை என் போனுக்கு அனுப்பி, சரியாக இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றிலும் சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று மூன்று கட்டங்கள். காது குத்துக்கு இவ்வளவு, மஞ்சள் நீராட்டுக்கு இவ்வளவு, கல்யாணத்துக்கு இவ்வளவு. ட்ரோன் எத்தனை மணி நேரம், ரீல்ஸ் எத்தனை, ஆல்பத்தில் எத்தனை தாள் என்பதெல்லாம் ஒழுங்காக எழுதியிருக்கிறது. தொகையைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. கடையை விட்டு விலகி நாலு வருஷம் ஆகிறது. இன்றைக்கு ஒரு லென்ஸ் என்ன விலை, கூட வரும் வீடியோக்காரருக்கு ஒரு நாள் சம்பளம் என்ன என்பது உங்களுக்குத்தான் தெரியும். தொகைக்குப் பக்கத்தில் எழுதாமல் விட்டிருப்பதைப் பற்றிச் சொல்லத்தான் எனக்குக் கொஞ்சம் தகுதி இருக்கிறது. அந்தத் தகுதி ஒரு தவறு செய்து கிடைத்தது.

பொன்னேரியில் ரயிலடிக்குப் போகும் சாலையில் இருபத்தாறு வருஷம் ஸ்டுடியோ வைத்திருந்தேன். பெண் என்பதால் முதலில் என்னைத் தேடி வந்தவை மஞ்சள் நீராட்டும் வளைகாப்பும்தான். உள்ளறையில் பெண்கள் மட்டும் இருக்கும் நேரத்தில் கேமராவோடு நிற்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. பிறகு அதே வீடுகளில் கல்யாணங்களும் வந்தன. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்களின் காலனிகள், சுற்றிலும் நெல் போடுகிறவர்களின் ஊர்கள், அந்தப் பக்கம் திருவாலங்காடு வரைக்கும் போயிருக்கிறேன்.

ஆரம்பத்தில் விலை சொல்ல எனக்குப் பயம். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி அதிகாரியின் மனைவி, மகனின் முதல் பிறந்தநாளுக்காக வந்தார். மண்டபத்தில் விழா, இருநூறு பேர் வருகிறார்கள். எனக்குக் கட்டுப்படியாகும் தொகை மனதில் இருந்தது. வாயைத் திறந்தபோது அதில் பாதியைச் சொன்னேன். அதோடு நிற்காமல், அதிகமாகத் தெரிந்தால் இன்னும் பார்த்துச் செய்யலாம் என்றும் சேர்த்துச் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர் திரும்பி வரவில்லை. சென்னையிலிருந்து ஆள் வரவழைத்து, நான் சொன்னதைப் போல நாலு மடங்கு கொடுத்தார் என்று மண்டபக்காரர் சொல்லித் தெரிந்தது. சில மாதம் கழித்து பாஸ்போர்ட் படத்துக்கு அதே அம்மா வந்தார். அன்றைக்கு ஏன் வரவில்லை என்று கேட்டுவிட்டேன். அவர் சங்கடப்படாமல் பதில் சொன்னார்.

“நீங்க ரேட்டு சொன்னது மன்னிப்பு கேக்குற மாதிரி இருந்துது. இவங்களுக்கே இவங்க வேலை மேல நம்பிக்கை இல்லையோன்னு பயந்துட்டேன்.”

அந்தப் பழக்கத்தை விட எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. விட்ட இடத்தில் வேறொரு கெட்ட பழக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. வீட்டைப் பார்த்து விலை சொல்ல ஆரம்பித்தேன். கூரை ஷீட்டா தளமா, வாசலில் நிற்பது ஸ்கூட்டரா காரா, உள்ளே ஏசி ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டே தொகையைக் கூட்டிக் குறைப்பேன். ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு, ஒரே மாதிரி வேலைக்கு, இரண்டு விலை வாங்கினேன். அந்த இரண்டு வீட்டு ஆண்களும் ஒரே கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்கள் என்பது எனக்குத் தெரியாது. அதிகம் கொடுத்தவர் ஒருநாள் கடைக்கு வந்து இரண்டு பில்லையும் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். திட்டவில்லை. நான் இரண்டையும் படித்து முடிக்கும் வரை நின்றார், பிறகு எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தத் தெருவில் அதற்குப் பிறகு எனக்கு வேலை இல்லை.

அதற்குப் பிறகுதான் சுவரில் பலகை மாட்டினேன். பெரிய கட்டணம், நடுக் கட்டணம், சின்னக் கட்டணம். யார் வந்தாலும் பலகையைக் காட்டினேன். வீட்டைப் பார்ப்பதை விட்டேன். நேர்மையான ஏற்பாடு என்று எனக்கே என் மேல் ஒரு மதிப்பு வந்தது. நான் சொல்ல வந்த தவறு அந்தப் பலகைக்குப் பின்னால்தான் நடந்தது.

பவுல்ராஜ் என்று ஒருவர். தொழிற்பேட்டையில் ஒரு ரோலிங் மில்லில் எலக்ட்ரீஷியன். லீவு நாளில் லைட் கடைக்காரர் ஒருவரோடு சேர்ந்து கல்யாண வீடுகளுக்கு சீரியல் பல்பு கட்டப் போவார். அப்பா இல்லை. அம்மா கன்னியம்மா, முன்பு நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர். பவுல்ராஜ் தன் கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் பேச வந்தார். பலகையை மேலிருந்து கீழ் வரை படித்தார். சின்னக் கட்டணம் பன்னிரண்டாயிரம். அவர் ஒதுக்கி வைத்திருந்தது பத்து. பேரம் பேசுகிற ஆட்கள் பொதுவாக, பக்கத்துக் கடையில் இதற்கும் கம்மி என்று ஆரம்பிப்பார்கள். இவர் அப்படி ஆரம்பிக்கவில்லை.

“அக்கா, நீங்க நஷ்டப்பட வேணாம். பத்துக்கு ஏத்த மாதிரி எதயாவது கொறச்சிக்கினு செய்ங்க. இன்னா கொறைக்கிறீங்கன்னு மட்டும் சொல்லிடுங்க.”

சொன்னேன். ஆல்பத்தில் பத்துத் தாள் குறையும். பெரிய பிரேம் போட்ட படம் கிடையாது. கல்யாணத்தன்று காலையில் சர்ச்சுக்குக் கிளம்பும் முன் வீட்டில் நடக்கும் ஜெபத்துக்கு வரமாட்டேன், நேராக சர்ச்சுக்கு வந்துவிடுவேன். வீட்டு ஜெபம் என்றதும் கொஞ்சம் தயங்கினார். அம்மா அதை எதிர்பார்ப்பார் என்றார். பிறகு, பரவாயில்லை, அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்று ஒப்புக்கொண்டார். முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார். மூன்றைக் குறைத்தேன், மூன்றையும் சொன்னேன் என்று அன்றைக்கு எனக்குத் திருப்தி.

நாலாவதாக ஒன்று இருந்தது. அதை நான் குறைப்பு என்றே நினைத்ததில்லை. அப்போது ஹார்டு டிஸ்க் எனக்குப் பெரிய செலவு. பெரிய கட்டணக்காரர்களின் படங்களை இரண்டு டிஸ்க்கில் போட்டு வைப்பேன், ஆல்பத்துக்கு ஆகாது என்று கழித்தவை உட்பட. நடுக் கட்டணக்காரர்களுடையதை ஒரு டிஸ்க்கில் வைப்பேன். பின்னாளில் பேரன் பேத்தி காலத்தில்கூட வந்து கேட்பார்கள் என்று எண்ணம். சின்னக் கட்டணக்காரர்களுக்கு ஆல்பம் கொடுத்து மூன்று மாதம் ஆனதும் மொத்தத்தையும் அழித்துவிட்டு, அந்த இடத்தில் அடுத்த வேலையை ஏற்றுவேன். பலகையில் அது எழுதியிருக்கவில்லை. யாரும் கேட்டதும் இல்லை. யாரும் கேட்காததால் அது என் கடைக்குள் நடக்கும் விஷயம், வாடிக்கையாளருக்குச் சம்பந்தமில்லை என்று நினைத்திருந்தேன்.

பவுல்ராஜ், எஸ்தர் கல்யாணம் நன்றாக நடந்தது. ஆல்பம் வாங்க இருவரும் சேர்ந்து வந்தார்கள். கடை வாசலில் நின்றே முழுவதும் புரட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மூன்று மாதம் கழித்து அவர்களுடைய ஃபோல்டரை அழித்தேன். அந்தக் கணம் எனக்கு ஞாபகம் இல்லை. வேறு நாலைந்து ஃபோல்டரோடு சேர்த்து அழித்திருப்பேன்.

எட்டு வருஷம் போயிற்று. ஒரு மழைக்காலத்தில் ஆரணி ஆற்றில் தண்ணீர் ஏறி அவர்கள் காலனிக்குள் வந்தது. இரண்டு நாள் வீட்டுக்குள் இடுப்பளவு நின்றதாம். அதற்கு அடுத்த கோடையில், இரவு ஷிப்டு முடிந்து காலையில் வண்டியில் வரும்போது, நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றிருந்த டிரெய்லரில் மோதி பவுல்ராஜ் இறந்துவிட்டார். நான் அப்போது கேள்விப்படவில்லை. எஸ்தர் கடைக்கு வந்தபோதுதான் தெரிந்தது.

ஆறு வயதுப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். ஒரு பையில் அந்த ஆல்பம் இருந்தது. வெள்ளத்தில் நனைந்து காய்ந்து, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, செங்கல் மாதிரி ஆகியிருந்தது. பிரிக்கப் பார்த்த இடத்தில் முகங்கள் உரிந்து எதிர்த் தாளோடு போயிருந்தன. பவுல்ராஜின் போன் விபத்தில் நொறுங்கிவிட்டது. எஸ்தரிடம் இருந்தது கேமரா இல்லாத பட்டன் போன். சொந்தக்காரர்கள் போனில் இருந்த படங்களில் எல்லாம் அவர் கூட்டத்தின் கடைசியில் நிற்கிறார், பெரிதாக்கினால் முகம் கலைந்துவிடுகிறது. மீதி இருப்பது மில் அடையாள அட்டையில் உள்ள நகம் அளவு படம். முப்பதாம் நாள் ஜெபத்துக்கு ஒரு படம் வைக்க வேண்டும், இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது, கல்யாணத்தில் எடுத்ததில் ஒன்றை எடுத்துத் தரமுடியுமா என்று கேட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இப்படி ஒரு கேள்வி திடீரென்று வரும்போது முதலில் வாயில் வருவது நம்மைக் காப்பாற்றிக்கொள்ளும் வாக்கியம்தான். அது தானாக வரும். நான் கம்ப்யூட்டரைத் திறந்து தேடுகிற மாதிரி கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு, அந்த வருஷத்து டிஸ்க் கெட்டுப்போய்விட்டது என்று சொன்னேன்.

எஸ்தர் அதை நம்பினார். “மெஷினுதானேக்கா, நீங்க இன்னா பண்ணுவீங்க” என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனார்.

அவர் கோபப்பட்டிருந்தால் நான் அதோடு விட்டிருப்பேன் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். இரண்டு நாள் வேலை ஓடவில்லை. என்ன குறைக்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள் என்று வாயைத் திறந்து கேட்ட ஒரே வாடிக்கையாளர் அவர் கணவர். அவரிடம்தான் மறைத்திருக்கிறேன். மூன்றாம் நாள் காலை கடையைத் திறக்காமல் காலனிக்குப் போனேன்.

சுவரில் வெள்ளம் நின்ற கோடு இடுப்பளவில் பழுப்பாக இருந்தது. எஸ்தர் நாற்காலி போட்டார். கன்னியம்மா தரையில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் உட்காராமலேயே சொன்னேன். டிஸ்க் கெடவில்லை. நான்தான் அழித்தேன். சின்னக் கட்டணத்துக்கு மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருப்பதில்லை. அதை அப்போது உங்களிடம் சொல்லவில்லை, முந்தாநாளும் பொய் சொன்னேன்.

கன்னியம்மா கீரையைத் தட்டில் வைத்தார்.

“பெரிய பணம் குட்த்தவங்க போட்டோவ வெச்சிருக்கிறியா?”

வைத்திருக்கிறேன் என்றேன்.

“ரெண்டாயிரம் டப்பு கொறச்சதுக்கு எம் புள்ளய அழிச்சிட்டிருக்கிற.”

குரலை உயர்த்திச் சொல்லவில்லை. நான் செய்ததை எனக்கு எடுத்துச் சொன்ன மாதிரி இருந்தது. உண்மையில் பன்னிரண்டாயிரமே கொடுத்திருந்தாலும் நான் அழித்திருப்பேன். அது தெரிந்தால் அவருக்கு இன்னும் கோபம் வருமே தவிர குறையாது என்பதால் அதைச் சொல்லவில்லை. அவரே மேலே பேசினார்.

“நீ போட்டோ புடிச்ச எத்தினி கல்யாணத்துக்கு அவன் லைட்டு கட்டினான். பொழுதுக்கும் உன் கண்ணு முன்னாடிதான ஏறி எறங்கிக்கினு இருந்தான். ஒண்ணுலகூடவா உழுந்திருக்க மாட்டான்? போய்ப் பாரு.”

எனக்கு அது தோன்றவே இல்லை. எந்தக் கல்யாணங்களுக்கு அவர் லைட் கட்டினார் என்று லைட் கடைக்காரரிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தேன். அதில் பெரிய கட்டணம், நடுக் கட்டணம் கொடுத்தவை மட்டும் பதினேழு. அந்தப் பதினேழும் டிஸ்க்கில் இருந்தன.

ஐந்து நாள் உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு கல்யாணத்திலும் ஆயிரத்துக்கு மேல் படங்கள். நான் எடுத்த படங்களை அதுவரை மணமக்கள் முகத்தில் ஃபோகஸ் இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறேன். இப்போது ஓரங்களைப் பார்த்தேன். அப்படிப் பார்த்தால் வேறு ஒரு கல்யாணம் தெரிகிறது. பாத்திரம் தூக்குகிற கை, வாழைமரம் கட்டுகிறவரின் முதுகு, ஜெனரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்து தூங்குகிறவர். பவுல்ராஜ் நிறைய இடத்தில் இருந்தார், ஆனால் முழுசாக இல்லை. ஒன்றில் தோள், ஒன்றில் பின்னந்தலை, ஒன்றில் முகத்துக்குக் குறுக்கே தோரணம். மூன்றாம் நாள் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. மீதியையும் பார்க்காமல் இல்லையென்று சொன்னால் அது இன்னொரு பொய் என்பதால் பார்த்தேன்.

ஐந்தாம் நாள் ஒரு படம் கிடைத்தது. பொன்னேரிக்குக் கிழக்கே நிலம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தில் மூத்த மகனின் கல்யாணம். முதல் நாள் மதியம், பந்தலில். இடது ஓரத்தில் அந்த வீட்டுப் பெண் ஒருத்தி தாம்பாளத்தோடு வருகிறாள். அவளைத்தான் நான் எடுக்க நினைத்திருக்கிறேன். கேமரா அவளை விட்டுவிட்டுப் பின்னால் இருந்தவரைப் பிடித்துவிட்டது. அவள் கலங்கலாக இருந்தாள். வலது பக்கம் மூங்கில் ஏணியில், தோளில் பல்புச் சரம் சுற்றிக்கொண்டு, கீழே யாரோ கேட்டதற்குத் திரும்பிச் சிரிக்கிற பவுல்ராஜ், கண்ணிமை தெரிகிற அளவுக்குத் துல்லியமாக இருந்தார். நான் ஆகாது என்று கழித்த படம் அது. பெரிய கட்டணம் என்பதால் கழித்ததும் பத்திரமாக இருந்திருக்கிறது.

படம் கிடைத்ததும் ஓடிப்போய்க் கொடுத்துவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் அது வேறொரு வீட்டு விழாவில், அந்த வீட்டார் காசு கொடுத்து எடுத்த படம். கேட்காமல் எடுத்துக் கொடுத்தால், ஒருவரிடம் சொல்லாமல் செய்த தவறைச் சரிசெய்ய இன்னொருவரிடம் சொல்லாமல் ஒன்றைச் செய்ததாக ஆகும். அந்த ஊருக்குப் போனேன்.

வீட்டுக்காரர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் இருக்கிற படம் வெளியே எதற்குப் போக வேண்டும் என்றார். அந்தப் பகுதியை வெட்டிவிட்டுத்தான் கொடுப்பேன் என்றேன். அப்படியும் யோசித்தார். அவருடைய மனைவி சரோஜா அம்மா என் கையிலிருந்த பிரிண்டை வாங்கிப் பார்த்தார். ஆளை அடையாளம் கண்டுகொண்டார். அன்றைக்கு எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகும் ஏணியை விட்டு இறங்காமல் வேலை செய்தவர், கூப்பிட்டுக் கூப்பிட்டு மூன்றாம் பந்தியில்தான் வந்து உட்கார்ந்தார் என்றார். பெயர் இன்று வரை தெரியாது என்றும் சொன்னார். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டார். கன்னியம்மா மகன் என்றேன். கன்னியம்மா அவர்கள் நிலத்தில் பல வருஷம் நடவு நட்டவர் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

சரோஜா அம்மா கணவரைப் பார்க்காமலேயே, கொண்டுபோய்க் கொடு என்றார். வாசல் வரை வந்து என்னை நிறுத்தினார்.

“அவங்ககிட்ட எதுவும் வாங்காத. பிரேமுக்கு இன்னா ஆவுதோ எங்க கணக்குல எழுதிக்க.”

நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார். அந்த வீட்டில் கேட்காமல் நான் சம்மதிக்க முடியாது, கேட்டால் கன்னியம்மா என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும் என்றேன். சரோஜா அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையசைத்தார்.

இலவசமாகக் கொடுப்பதும் ஒரு விலைதான் என்பதை அன்றைக்கு நடந்து வரும்போது யோசித்தேன். நீங்களும் சில வேலைகளை இலவசமாகச் செய்வீர்கள், செய்ய வேண்டியும் வரும். செய்வதற்கு முன் அதில் யாருக்கு லேசாகிறது என்று பாருங்கள். நான் அந்தப் படத்தைச் சும்மா கொடுத்திருந்தால் எனக்கு மனசு லேசாகியிருக்கும். எஸ்தர் நன்றி சொல்லியிருப்பார். என்னிடம் கேள்வி கேட்கும் இடத்திலிருந்து அவர் நன்றி சொல்லும் இடத்துக்குப் போயிருப்பார். அது எனக்கு வசதி, அவருக்கு இல்லை.

முப்பதாம் நாளுக்கு நாலு நாள் இருக்கும்போது மருமகளும் மாமியாரும் கடைக்கு வந்தார்கள். படத்தைத் திரையில் காட்டும் முன்பே எஸ்தர் விலை கேட்டார்.

“இன்னா ரேட்டுக்கா?”

பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலம், பிரேமோடு ஆயிரத்து இருநூறு. பலகையில் இருந்த தொகை. அதைச் சொன்னேன். குறைக்கவில்லை, தடுமாறவும் இல்லை. எஸ்தர் பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டு பில் எழுத ஆரம்பித்தேன். கன்னியம்மா மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

“இத்த எத்தினி நாளு வெச்சிருப்ப, அதயும் எழுது.”

கேட்க வேண்டியதைக் கேட்டார். நான் அதுவரை யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை. கடை இருக்கும் வரை என்று எழுதினேன், கடை கைமாறினால் படத்தை அவர்களிடமே ஒப்படைப்பேன் என்றும் எழுதினேன். உரக்கப் படித்துக் காட்டினேன். கன்னியம்மா பில்லை வாங்கி மருமகளிடம் கொடுத்தார். நாலு வருஷத்துக்கு முன் கடையைக் கொடுத்தபோது முதலில் அந்தப் படத்தை ஒரு பென்டிரைவில் போட்டு அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அடுத்த வாரமே பலகையை மாற்றினேன். மூன்று கட்டணத்துக்கும் ஒரே வரி, படங்கள் எத்தனை வருஷம் பத்திரமாக இருக்கும் என்று. டிஸ்க் செலவை மூன்றிலும் சமமாக ஏற்றியதில் சின்னக் கட்டணம் கொஞ்சம் கூடியது. அதனால் சில வேலைகள் கையை விட்டுப் போயின. அதை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் போகும். வாடிக்கையாளர் குறைக்கச் சொன்னால் குறைக்கலாம். எதைக் குறைக்கிறீர்களோ அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். சொல்ல முடியவில்லை என்றால் அதைக் குறைக்காதீர்கள், வேலையை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் அனுப்பிய மூன்று பட்டியல்களிலும், படம் எத்தனை வருஷம் இருக்கும் என்ற அந்த வரி இல்லை.

அன்றைக்கு பில் எழுதி முடித்த பிறகு படத்தைத் திரையில் திறந்தேன். எஸ்தர் வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டார். கன்னியம்மா திரைக்கு மிக அருகில் போய்ப் பார்த்தார். நான் என் வழக்கப்படி வேலையைத் தொடங்கினேன். இறந்தவர்களின் படத்துக்கு எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. தலையையும் கழுத்தையும் தனியாக வெட்டி எடுத்து, பின்னால் நீல நிறம் கொடுத்து, கம்ப்யூட்டரில் இருக்கும் கோட்டு ஒன்றை மாட்டிவிடுவோம். உயிரோடு இருந்தபோது கோட்டே போடாதவர்கள் எத்தனையோ பேர் சுவர்களில் கோட்டோடு இருக்கிறார்கள். அந்த வீட்டுப் பெண் இருந்த இடது பக்கத்தை முதலில் வெட்டினேன். பிறகு வெட்டும் கட்டத்தின் கீழ்க்கோட்டை அவர் தோளுக்கு மேலே கொண்டுவந்தேன்.

“அக்கா, ஏணிய எடுக்காதீங்க” என்றார் எஸ்தர்.

ஜெபத்தில் வைக்கிற படம், ஏணியும் வயருமாக இருந்தால் நன்றாக இருக்காது, வருகிறவர்கள் ஏதாவது சொல்வார்கள் என்றேன். எஸ்தர் திரையைப் பார்த்தபடியே பேசினார்.

“சொல்லட்டும். வேலையில கீறாரு. அப்டியே இருக்கட்டும்.”

நான் கன்னியம்மாவைப் பார்த்தேன். அவர் விரலைத் திரையில் வைத்து, ஏணியின் மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டு வந்து, அது தரையைத் தொடும் இடத்தில் நிறுத்தினார். கட்டத்தை அந்த விரல் வரைக்கும் இறக்கினேன்.